பிரதியும் நேர்மையும்

பேய்ப் படங்களைப் பற்றிச் சிந்திப்பது வீண்வேலை என்ற எண்ணம் படித்தவர்களிடையே நெடுங்காலமாக நிலவி வருகிறது. மக்களை அச்சுறுத்திக் காசு பறிக்கும் மலினச் சரக்கு என்று கூறி அவற்றை ஒதுக்கிவிடுவது எளிது. அக்கூற்றில் ஓரளவு உண்மையும் உண்டு. திகிற்படங்களுட் பெரும்பாலானவை விரைவாகவும் மலிவாகவும் தயாரிக்கப்பட்டவை. சந்தையின் தேவைக்காகவே பிறந்தவை. எனினும், அறவியல் சார்ந்த வினா ஒன்று வேறெங்கும் காணாத கூர்மையோடு இப்படங்களில் எழுகிறது. எவரும் மதியாத ஒரு படைப்பைப் பல்லாண்டுகளின் பின் தேடியெடுத்துச் செப்பனிட்டு மக்கள் கையிற் கொடுப்பவன் யாருக்குக் கடமைப்பட்டவன்? படைத்தவனுக்கா, உரிமையை விலைக்கு வாங்கியவனுக்கா, பார்ப்பவனுக்கா?

ஒருகாலத்தில் நள்ளிரவுக் காட்சிகளிலும் தேய்ந்த வீடியோ நாடாக்களிலும் மட்டுமே காணக்கிடைத்த அபூர்வமான திகிற்படங்கள் பல இன்று வீட்டிலிருந்து பார்ப்பதற்கான இறுவட்டுகளாக வெளிவருகின்றன. சிறு கூட்டத்தார் சிலரின் விடாப்பற்றினால் உயிர்பிழைத்த படங்கள் இவை. இவ்வெளியீடுகளின் தரத்தை மதிப்பிடும்போது படம் எவ்வளவு துலக்கமாகத் தெரிகிறது என்ற ஒன்றையே பலர் நோக்குகின்றனர். துலக்கம் கருவியினால் அளக்கத்தக்கது. நேர்மையைக் கருவியால் அளக்க இயலாது. தரம் என்ற சொல் இவ்விரண்டையும் தன்னுள் அடக்கியிருப்பதை மறந்துவிடுவதே இத்துறையிற் காணப்படும் குழப்பங்களுக்கு மூலகாரணம் எனலாம்.

முதலில், பழுதான பிரதி என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஜேர்மனியில் முர்னௌ நெறிப்படுத்திய ‘நொஸ்ஃபராட்டு’ 1922 ஆம் ஆண்டு வெளிவந்தது. பிராம் ஸ்ரோக்கரின் ‘டிராக்குலா’ நாவலை அனுமதி பெறாது தழுவி எடுத்தமையால் அவருடைய மனைவி வழக்குத் தொடுத்தார். 1925 இல் பிரதிகளை அழித்துவிடுமாறு தீர்ப்பாயிற்று. ஆயினும் தப்பிப் பிழைத்த பிரதிகள் சில இருந்தமையால் அப்படம் இன்றும் நம்மிடையே இருக்கிறது. அக்காலத்தில் இரவுக் காட்சிகளைப் பகல் வெளிச்சத்திலேயே படமாக்கிப் பின்னர் சுருளுக்கு நீலச்சாயம் ஏற்றுவது வழக்கம். நீலம் இரவையும், மஞ்சள் பகலையும் குறித்தன. பின்னாளிற் பரவிய பிரதிகள் பல சாயமின்றி வெறுங் கறுப்பு வெள்ளையில் இருந்தன. விளைவு என்ன? சூரியன் உதித்ததும் அழிந்தொழியும் இரத்தக்காட்டேரி, பட்டப்பகலிலே தன் சவப்பெட்டியைச் சுமந்துகொண்டு ஊருக்குள் உலாவினான்! பார்த்தவர்கள் நெறியாளரின் அறியாமையைக் கண்டு நகைத்தனர். 1922 ஆம் ஆண்டுச் சாயமேற்றிய பிரதியொன்றை அடிப்படையாகக் கொண்டு 2006 அளவில் படம் மீட்டமைக்கப்பட்டபோது இரவு மீண்டும் இரவாயிற்று. கதையும் பொருள் பெற்றது. பழுதான பிரதி படத்தை மங்கச் செய்வதோடு நிற்பதில்லை. தான் செய்த பிழையைப் படைத்தவன் தலையிற் சுமத்திவிடுகிறது.

பிரதி எடுப்போர் இழைக்கும் தவறு இருவகைப்படும். ஒன்று அலட்சியம், மற்றது மிகை. இரண்டுக்கும் ஒரே படம் சான்றாக அமைவது நமது ஆராய்ச்சிக்கு வாய்ப்பானது. அமெரிக்காவின் பிட்ஸ்பேர்க் நகரில் விளம்பரப் படங்கள் எடுத்துவந்த இளைஞர் சிலர், ஜோர்ஜ் ரொமேரோவின் தலைமையில், ஏறத்தாழ 114,000 டொலர் செலவில் எடுத்த ‘நைட் ஒஃப் த லிவிங் டெட்’ 1968 இல் வெளிவந்தது. வெளியீட்டின்போது படத்தின் பெயர் மாற்றப்பட்டது; புதிய தலைப்பில் உரிமைக்குறிப்பு விடுபட்டுப்போயிற்று. அக்காலத்து அமெரிக்கச் சட்டப்படி, அந்தச் சிறு தவறினால் படம் பொதுச்சொத்தாகிவிட்டது. எவரும் பிரதியெடுக்கலாம், எவரும் விற்கலாம். ஆகவே வணிகர் பலர் கைக்குக் கிடைத்த தேய்ந்த பிரதிகளிலிருந்து வீடியோ நாடாக்களை உற்பத்தி செய்தனர். இருளும் ஒளியும் ஒன்றோடொன்று குழம்பிய, கீறல் விழுந்த அப்பிரதிகளையே இரு தலைமுறையினர் ‘மூலம்’ என்று நம்பினர். இது அலட்சியத்தால் நேர்ந்தது.

மிகையோ வேறு வழியாக வந்தது. 1986 இல் இப்படத்துக்கு வர்ணம் பூசி விற்றனர். பிணங்களின் தோல் பச்சையாயிற்று. பின்னர் முப்பதாம் ஆண்டு நினைவுப் பதிப்பு என்ற பெயரில், முதற்படைப்பிற் பங்குகொண்டிருந்த சிலர் புதிய காட்சிகளையும் புதிய இசையையும் சேர்த்தனர். ரொமேரோவுக்கு இதிற் பங்கில்லை. படத்தை மேலும் கவர்ச்சியுடையதாக்குகிறோம் என்றே இவற்றைச் செய்தோர் கூறினர். ஆனால் கவர்ச்சியூட்டப்பட்டது எது? அப்படத்தின் இறுதியை நினைவுகூர்வோம். இரவு முழுவதும் பிணங்களை எதிர்த்துப் போராடி உயிர்பிழைத்த நாயகனைக் காலையில் வந்த துப்பாக்கிக் கும்பல், பிணங்களுள் ஒன்றெனக் கருதிச் சுட்டுவிடுகிறது. அந்நாயகனாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். அதன்பின் படம் அசைவதை நிறுத்துகிறது. செய்தித்தாளில் அச்சானவை போன்ற கரடுமுரடான நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கொக்கிகளால் உடலை இழுத்துத் தீயிடுகின்றனர். மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட அதே ஆண்டில் இதனைக் கண்டவர்களுக்கு, தம் நாட்டில் மரத்திற் கட்டித் தூக்கிய கறுப்பு மனிதர்களின் பழைய நிழற்படங்கள் நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. அந்தக் கரடுமுரடான தன்மையே அங்கு பேசுகிறது. அதனை அழகுபடுத்துபவன் சாட்சியொன்றைத் திருத்தி எழுதுகிறான்.

இங்குதான் துலக்கம் பற்றிய வினா அறவினாவாக மாறுகிறது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் பிம்பம் நுண்ணிய வெள்ளித்துகள்களால் ஆனது. திரையில் மெல்லிய மணல் அசைவது போலத் தோன்றுவது அத்துகள்களின் சுவடே. குறைந்த ஒளியில், வசதி குறைந்த நிலையில் எடுத்த படங்களில் அது மிகுந்து காணப்படும். கணினியின் துணைகொண்டு அதனை அழுக்கெனக் கருதித் துடைத்துவிட முடியும். துடைக்கும்போது முகத்தின் சுருக்கமும் துணியின் இழையும் அதனோடு சேர்ந்து போய்விடுகின்றன, மனிதர் மெழுகுபொம்மைகளாகின்றனர். இழந்த கூர்மையை ஈடுசெய்ய உருவங்களின் விளிம்பைச் செயற்கையாக அழுத்திக் காட்டுவர். பார்வைக்குப் புதிது போலிருக்கும். அது புதிது போலிருப்பதே பொய்.

ஆயின் கீறலையும் தூசியையும் அப்படியே விட்டுவிட வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. படைத்தபின் நேர்ந்த பழுது வேறு. படைக்கும்போதே உடனிருந்த வறுமை வேறு. கீறல், தூசி, மங்கிய சாயம் ஆகியவை காலமும் கவனக்குறைவும் சேர்த்தவை. அவற்றை நீக்குவது கடமை. மணற்தன்மை, ஒளியின் போதாமை, ஒலிப்பதிவின் கரகரப்பு ஆகியவை அப்படைப்பாளிகள் எத்தகைய சூழலில், எத்தகைய கருவிகளோடு உழைத்தனர் என்பதற்கான வரலாற்றுச் சான்றுகள். ஏழையின் உழைப்பிலிருந்து ஏழ்மையின் சுவட்டைத் துடைத்துவிட்டு, உழைப்பின் பயனை மட்டும் எடுத்துக்கொள்வது நாம் நன்கறிந்த ஒரு சமூக வழக்கத்தின் மறுவடிவமே.

தமிழ் வாசகர்க்கு இது புதிய செய்தியன்று. பழந்தமிழ் நூல்கள் ஏட்டிலிருந்து அச்சுக்கு வந்த வரலாற்றில் இதே வினா எழுந்து, விடையும் பெற்றிருக்கிறது. 1894 இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், சிதைந்த அடிகளைத் தம் புலமையால் நிரப்பிவிடவில்லை. சிதைவு சிதைவாகவே தெரியுமாறு அச்சிட்டார். 267, 268 ஆம் செய்யுள்கள் இன்றும் அந்நூலில் இல்லை; அவ்விடைவெளியை எண்கள் காட்டிக்கொண்டிருக்கின்றன. அவர் விரும்பியிருந்தால் ஒரு சில அடிகளை இயற்றிச் சேர்ப்பது அவருக்குக் கடினமாயிருந்திராது. சேர்க்காமல் விட்டமையே பதிப்பின் பெருமை. திரைப்படத்திலும் இத்தகைய நேர்மைக்கு எடுத்துக்காட்டு உண்டு. வெட்டிக் குறைத்து வெளியிடப்பட்ட ‘த விக்கர் மான்’ என்னும் 1973 ஆம் ஆண்டுப் பிரித்தானியப் படத்தின் நீண்ட வடிவத்தை மீட்டவர்கள், விடுபட்ட காட்சிகளைத் தரங்குறைந்த வீடியோப் பதிவிலிருந்து எடுத்துச் சேர்த்தனர். அக்காட்சிகள் வரும்போது படம் திடீரென மங்கும். அந்த மங்கல் கண்ணை உறுத்தினும், எங்கே வெட்டு விழுந்தது என்பதைப் பார்ப்பவனுக்கு மறைக்காமற் சொல்லியது.

வெட்டு என்றதும் உடைமை பற்றிய வினா முன்னே வருகிறது. நாடகாசிரியரும் நடிகருமான பில் கன் என்ற கறுப்பினக் கலைஞரிடம், இரத்தக்காட்டேரிப் படமொன்று எடுத்துத் தருமாறு தயாரிப்பாளர் கேட்டனர். சந்தையில் அப்போது அத்தகைய படங்களுக்கு மதிப்பிருந்தது. அவர் எடுத்துத் தந்த ‘கான்ஜா அன்ட் ஹெஸ்’, இரத்தவேட்கையை அடிமைப்படுத்தும் ஒரு பழக்கமாகவும், கிறித்தவத்துக்கும் ஆபிரிக்க மரபுக்கும் இடையில் அலைக்கழியும் மனத்தின் துயராகவும் கண்டது. அதிலும் நாயகன் டுவேன் ஜோன்ஸே. 1973 இல் கான் விழாவின் விமர்சகர் வாரத்தில் அது காட்டப்பட்டது. ஆனால் தயாரிப்பாளர் கேட்ட சரக்கு அதுவன்று. படம் கைமாறியது, ஏறத்தாழ எழுபத்தெட்டு நிமிடமாக வெட்டிச் சுருக்கப்பட்டது, ‘பிளட் கப்பிள்’ முதலாகப் பல பெயர்களில் உலாவியது. வீடியோ நாடாவிற் பலர் கண்டது இச்சிதைவையே. நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையில் முழுப்பிரதியொன்று இருந்தமையால் மட்டுமே உண்மைப் படம் பிழைத்தது. அந்நூதனசாலை மீட்டமைத்த வடிவத்தை 2012 இல் கினோ நிறுவனம் இறுவட்டாக வெளியிட்டது. ஜோன்ஸ் 1988 இலும் கன் 1989 இலும் மறைந்துவிட்டனர்.

சிதைவைச் செய்தவர்கள் சட்டத்தை மீறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். விலை கொடுத்து வாங்கியதை வெட்டவும் பெயர் மாற்றவும் அவர்களுக்கு உரிமையிருந்தது. பொருளை உடைமையாகக் கொள்பவன் அதன் பொருண்மையையும் உடைமையாகக் கொள்கிறான் என்ற நியதியே அங்கு செயற்பட்டது. நல்ல பிரதி என்பது அந்நியதிக்குக் காலந்தாழ்த்திக் கிடைத்த மறுப்பு. ஆதலின் தரம் பற்றிய அக்கறையை வசதிபடைத்தோரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடுவது பொருந்தாது.

எனினும் இவ்விடத்தில் வலுவான ஆட்சேபம் ஒன்றுண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. ரொமேரோவின் படத்தை உலகெங்கும் கொண்டுசென்றது எது? அந்த மோசமான, மலிவான பிரதிகளல்லவா? பொதுச்சொத்தாகிவிட்ட காரணத்தினாலேயே அப்படம் சிறு ஊர்களுக்கும் கையிற் காசில்லாத மாணவனுக்கும் எட்டியது. 2016 இல் அதே நூதனசாலையும் திரைப்பட அறநிலையம் ஒன்றும் மூல நெகட்டிவிலிருந்து அதனை மீட்டமைத்தன. 2018 இல் கிரைற்றீரியன் நிறுவனம் அதனை இறுவட்டாக்கியது. இருளின் ஆழமும் முகங்களின் அச்சமும் இப்போதுதான் முழுமையாகத் தெரிகின்றன. ஆனால் அதற்கு விலையுண்டு. அபூர்வமான திகிற்படங்கள் பல இன்று சில ஆயிரம் பிரதிகளுக்குள் எண்ணிட்டு, அலங்காரப் பெட்டியிலிட்டு விற்கப்படுகின்றன. தீர்ந்துபோனபின் பன்மடங்கு விலைக்குக் கைமாறுகின்றன. புறக்கணிப்பினால் அபூர்வமாயிருந்த படம் இப்போது விற்பனைத் தந்திரத்தினால் அபூர்வமாக்கப்படுகிறது. பெட்டி திறக்கப்படாமலே அலமாரியில் வீற்றிருக்கும் படம் எவருக்குப் பயன்படும்?

சிறு வெளியீட்டாளரின் இடர்ப்பாட்டையும் நாம் உணரவேண்டும். சுருளைத் தேடி, கணினியில் ஏற்றி, சட்டகம் சட்டகமாகச் சுத்தஞ்செய்வது பெருஞ்செலவுடைய வேலை, வாங்குவோர் சிலரே. குறைந்த எண்ணிக்கையும் கூடிய விலையும் இன்றி அவர்களாற் பிழைக்க இயலாதிருக்கலாம். ஆகவே குற்றம் தனிமனிதரின் பேராசையில் மட்டும் இல்லை. பொதுமக்களின் நினைவைக் காக்கும் பணியைச் சந்தையின் தோளிற் சுமத்திவிட்டு, அது சந்தையைப் போல நடந்துகொள்கிறதே என்று வருந்துவதில் என்ன பயன்?

ஆதலின் கெட்ட பிரதி பலருக்கு, நல்ல பிரதி சிலருக்கு என்ற பிரிவினையை இயற்கையானதென ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. மோசமான பிரதியே ஏழைக்குப் போதும் என்பது ஏழையின் பக்கம் நின்று பேசுவதாகத் தோன்றினும், உண்மையில் அவனுடைய கண்ணை அவமதிப்பதாகும். சிதைந்த நூலே கிராமப் பாடசாலைக்குப் போதும் என்று எந்த ஆசிரியனும் சொல்லமாட்டான். நாம் கேட்கவேண்டியவை சிலவே. எந்தச் சுருளிலிருந்து பிரதி எடுக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்பதை வெளியிடுவோர் ஒளிக்காமற் கூறவேண்டும். படைத்தவனே பிற்காலத்திற் படத்தை மாற்ற விரும்பினாலும், மக்கள் முதலிற் கண்ட வடிவம் அதனருகில் இருக்கவேண்டும். ஏனெனில் திரைப்படம் பலருடைய கூட்டுழைப்பு, ஒருவருடைய மனமாற்றம் மற்றவருடைய உழைப்பை அழித்துவிடலாகாது. பொதுப்பணத்தாலும் அறக்கொடைகளாலும் மீட்டமைக்கப்படும் படங்கள் நூலகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் எட்டும் வழி செய்யப்படவேண்டும்.

பேய்ப் படங்களில் இறந்தோர் எழுந்துவந்து தமக்கிழைத்த அநீதிக்குக் கணக்குக் கேட்பர். வாழ்க்கையில் அவ்வாறு நிகழ்வதில்லை. தம் படம் வெட்டிச் சுருக்கப்பட்டு வேறு பெயரில் விற்கப்படுவதைக் கண்ட பில் கன் இனி முறையிட வரமாட்டார். மீட்டமைப்போனுடைய கருவியைத் தடுத்து நிறுத்த அவரால் ஆகாது. அவனைப் பாராட்டவும் ஆகாது. அவர் சார்பில் கணக்குக் கேட்கும் பொறுப்பு, படத்தைப் பார்க்கும் நம்மிடமே வந்து சேர்ந்திருக்கிறது.