இரண்டு தராசுகள்

 

திருமறையின் 55ஆவது அத்தியாயமாகிய சூரத்துர் ரஹ்மானில், வானம் உயர்த்தப்பட்டு மீஸான் நிறுவப்பட்டதைக் கூறும் இடத்திலேயே, நிறுவையில் குறை செய்யலாகாது என்ற கட்டளையும் வருகிறது. படைப்பின் தராசுக்கும் கடைத் தராசுக்கும் அங்கே ஒரே சொல்தான். கடைத் தராசை நாம் அறிவோம். மற்றதை அறிய வெகுதூரம் போக வேண்டாம். நம் நெகிரி செம்பிலானில், ஜெலுபு மாவட்டத்துப் பாசோ காடே போதும்.

அக்காட்டின் மூன்று புறமும் செம்பனைத் தோட்டங்கள். காட்டில் புலியும் சிறுத்தையும் அற்றுப்போயின. தோட்டத்திலோ வருடம் முழுதும் பழம் உதிர்ந்தது. பசியுமில்லை, பயமுமில்லை, காட்டுப்பன்றிகள் பெருகின. 1996இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 47 இருந்தன. நாம் உண்ணாத பிராணியாயிற்றே, நமக்கென்ன என்று எண்ணிவிடாதீர்கள். ஈனப்போகும் பெண் பன்றி இளங்கன்றுகளை முறித்தும் பிடுங்கியும் குவித்துத் தன் குட்டிகளுக்குப் படுக்கை அமைக்கிறது. ஒரு படுக்கைக்கு இருநூறுக்கும் மேற்பட்ட கன்றுகள்! இருபதாண்டுகளில் அங்கே கன்றுகள் 62 சதவீதம் குறைந்ததாக 2017இல் வெளிவந்த ஆய்வு கூறுகிறது. பெரிய மரங்கள் நிற்பதால், வெளியே நின்று பார்ப்பவனுக்குக் காடு காடாகவே தெரியும். முதலைத் தின்றுகொண்டே கடை முகப்புக்கு வர்ணம் பூசுகிறவர்களை நாம் பார்த்ததில்லையா?

எடுத்த படிக்கல்லைத் திரும்ப வைக்க முடியுமா? அமெரிக்காவின் எல்லோஸ்டோன் வனத்தில் ஒழிக்கப்பட்டிருந்த ஓநாய்களுக்குப் பதிலாக, 1995, 1996ஆம் ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொணர்ந்து விட்டார்கள். மான்கள் குறைந்தன, சில ஓடைக்கரைகளில் மரங்கள் மீண்டும் தழைத்தன. அத்தனையும் ஓநாயால்தானா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள், வாதிடட்டும். நம் காடுகளில் மிஞ்சியுள்ள மலாயாப் புலிகளோ, 2022இல் அறிவித்த கணக்குப்படி 150க்கும் குறைவு. இருப்பதைக் காவாமல் எதைக் கொண்டுபோய் விடுவது? அழியும் நிலையிலுள்ள பிராணிகளைச் சட்டவிரோதமாக வேட்டையாடுவதும் விற்பதும் ஹராம் என்று இந்தோனேசிய உலமா சபை 2014இல் பத்வா வழங்கியது.

புலியை விடுவது அரசாங்கத்தின் காரியம். கடைக்காரன் கைக்கு எட்டுவது கூகை. செம்பனைப் பழங்களை அழிக்கும் எலிகளை ஒடுக்க, தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றுகிறார்கள். கூகை அலறினால் வீட்டில் மவுத்து என்று அஞ்சுவோர் நம்மிலும் உண்டு. ஆந்தைச் சகுனம் என்பதே இல்லையென நாயகம் (ஸல்) அவர்கள் அருளிவிட்டார்கள். உண்மையில் கூகைக்குத்தான் நம்மால் மவுத்து! நம் அலமாரியிலுள்ள சில எலிமருந்துகளைத் தின்ற எலியைத் தின்றால், அதுவும் சாகிறது.

மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். ஆகவே, தோட்டத்திலிருந்து எலிமருந்து வாங்க வருபவரிடம், அங்கே கூகைப் பெட்டி உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். உண்டென்றால், இம்மருந்து கூகையையும் கொல்லக்கூடும் என்று சொல்லிவிடுங்கள். இரண்டொரு டப்பா விற்காமல் போகலாம். வாங்குவது அவர் இஷ்டம்.