தற்செயல் என்னும் விடை

நாடெங்குமிருந்து வரும் வருமான வரிக் கணக்குகளைப் பரிசீலிக்கும் மத்திய மையமும், ஆதார் ஆணையத்தின் தரவு மையமும் அமைந்திருக்கும் பெங்களூரு மாநகரில், டேட்டாபேஸ் சர்வர்களைக் காக்கும் பொறியாளர்களை மிகவும் சோதிப்பது அடியோடு நின்றுவிட்ட சர்வர் அன்று. நாளெல்லாம் கேட்டவுடன் விடையளித்து, ஏதோ ஒரு வேளையில் மட்டும் இரண்டு நிமிஷம் திணறி, ஆராயப் புகுவதற்குள் பழைய வேகத்துக்குத் திரும்பிவிடும் சர்வரே அவர்களுடைய பொறுமைக்குப் பரீட்சை. நிலையில்லாத காரியத்துக்கும் நியதியான காரணம் உண்டா என்ற பழைய தத்துவ வினா அங்கே அன்றாடத் தொழிலின் வினாவாகிறது.

எல்லாக் காலத்தையும் எல்லா இடத்தையும் கண்ணால் கண்டவர் எவருமிலராதலால், காரண நியதியை அநுமானத்தால் நிறுவ இயலாது என்றனர் உலகாயதராகிய சார்வாகர். ஐயத்துக்கும் ஓர் எல்லை உண்டு, ஐயுறுவோனுடைய செய்கையே அவன் ஐயத்தோடு முரணும் இடத்தில் அது முடிந்துபோகும் என்று பத்தாம் நூற்றாண்டிலே நியாய குசுமாஞ்சலியில் விடையிறுத்தார் நியாய தத்துவ அறிஞர் உதயனாசாரியர். திணறல் தற்செயலே என்று சொல்லிவிட்டு, மறுகணமே பதிவேடுகளைத் திறந்து காரணம் தேடும் பொறியாளரின் கைகள் உதயனர் பக்கமே சாட்சி சொல்கின்றன.

தேடும் முறையையும் நியாய சாஸ்திரமே வகுத்திருக்கிறது. காரணம் உள்ளபோது காரியம் உண்டாதல் அந்வயம். இல்லாதபோது இல்லாமற்போதல் வியதிரேகம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், வேறு ஏற்பாடு செய்யாதவரை, 5 நிமிஷத்துக்கு ஒருமுறை செக்பாயிண்ட் நடத்தி, நினைவகத்தில் மாறியவற்றை வட்டில் எழுதுகிறது; திணறலும் அதே இடைவெளியில் வருமாயின் அந்வயம் கிட்டியது. அந்த இடைவெளியை மாற்றியதும் திணறலும் உடன் மாறினால் வியதிரேகமும் கிட்டியது. மாறாவிடில், ஒரு பரிவர்த்தனை பிடித்துவைத்த பூட்டுக்காக மற்றவை காத்து நிற்கின்றனவா, பழைய புள்ளிவிவரத்தை நம்பி க்வெரி தவறான வழியில் செல்கிறதா என்று ஒவ்வொன்றாக இதே உரைகல்லில் உரைக்க வேண்டும்.

இங்கே சராசரி பெரிய மயக்கம். ஆரக்கிள் டேட்டாபேஸின் வழக்கமான அறிக்கை ஒரு மணி நேரத்தைத் தொகுத்துக் காட்டுவதாதலால், இரண்டு நிமிஷத்துத் துன்பம் எஞ்சிய 58 நிமிஷத்துச் சுகத்தில் கரைந்துவிடுகிறது. நொடிதோறும் எடுத்த பதிவே பிரமாணமாகும். அதனினும் பெரிய மயக்கம் ரீஸ்டார்ட். தானாகவே தணியவிருந்த திணறல் ரீஸ்டார்ட் செய்ததும் தணியக் கண்டு, அதனாலேயே தீர்ந்தது என்று கொள்வது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே. பூட்டு எவர் வசமிருந்தது, எவர் காத்திருந்தனர் என்னும் சாட்சியமும் ரீஸ்டார்ட்டோடு அழிந்துபோகிறது.

தற்செயல் என்பது விசாரணையை நடுவழியில் விட்டவர் கூறும் விடை. ஆகையால் சர்வரைக் காக்கும் இளைஞர்களே, மக்களின் வேலை தேங்கி நிற்கையில் ரீஸ்டார்ட் செய்யவே நேர்ந்தாலும், அக்கணத்தின் பதிவை முதலில் எடுத்துவையுங்கள். காரணம் உண்டு என்னும் சிரத்தையை ஒருபோதும் கைவிடாதீர்கள்.