வெட்டுக்கிளியா நீ?



கர்த்தருடைய பெரிதான கிருபையினால் போன மாதம், சாமை அறுப்பு முடிகிற சமயத்தில், ஜவ்வாது மலைக்கு வாலிபர் கூடுகைக்காகப் போயிருந்தேன். ஜமுனாமரத்தூர் வரைக்கும் பஸ். அதற்கு மேலே ஒரு சகோதரனுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒவ்வொரு வளைவுக்கும் என் இடுப்பு சாட்சி சொல்லிக்கொண்டே வந்தது!

தகரக் கொட்டகையில் கூட்டம். நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். பாடினார்கள் பாருங்கள், கொட்டகையே அதிர்ந்தது. பாட்டு முடிந்ததும், "கர்த்தர் உன்னை என்னவாக்கணும்னு ஆசைப்படுறே? ஒவ்வொருத்தரா எழுந்து சொல்லுங்க பார்க்கலாம்" என்றேன். அவ்வளவுதான். ஒரு சத்தம் இல்லை. எல்லாத் தலையும் தரையைப் பார்த்தது. கடைசியில் முன்வரிசைப் பையன் ஒருவன், ப்ளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறவன், மெதுவாகச் சொன்னான்: "நாங்க மலைக்காரங்க ஐயா. எங்களுக்கு என்னங்க ஐயா தெரியும்?"

மற்றப் பிள்ளைகள் சிரிக்கவில்லை. ஆமாம் என்கிற மாதிரி இருந்தார்கள். அதுதான் என் நெஞ்சைக் குத்தியது.

எண்ணாகமம் 13-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தை எடுத்து வாசியுங்கள். கானானை வேவு பார்க்கப் போனவர்கள் பன்னிரண்டு பேர். பத்துப் பேர் திரும்பி வந்து என்ன சொன்னார்கள்? அங்கே இராட்சதர்கள் இருக்கிறார்கள், நாங்கள் வெட்டுக்கிளி மாதிரி இருந்தோம் என்றார்கள். யார் பார்வைக்கு? முதலாவது தங்கள் சொந்தப் பார்வைக்கு! அதற்குப் பிறகுதான் அவர்கள் பார்வைக்கும் அப்படியே இருந்தோம் என்கிறார்கள். அந்த வரிசையைக் கவனியுங்கள். எந்த இராட்சதனாவது இவர்களைக் கூப்பிட்டு, "டேய் வெட்டுக்கிளி" என்று சொன்னானா? வேதத்தில் அப்படி ஒரு வசனம் இல்லை. இவர்களாகவே போட்டுக்கொண்ட பெயர்.

அதே பன்னிரண்டு பேரில் காலேபும் இருந்தான். அவன் கண்ணும் அதே இராட்சதரைத்தான் பார்த்தது. அப்போது அவனுக்கு 40 வயது. 45 வருஷம் கழித்து, 85 வயதில், யோசுவாவிடம் போய் எதைக் கேட்டான் தெரியுமா? சமபூமியைக் கேட்கவில்லை, தண்ணீர் பாய்கிற வயலைக் கேட்கவில்லை. மலையைக் கேட்டான்! இராட்சதர் குடியிருந்த மலைநாட்டையே கேட்டு வாங்கினான் (யோசுவா 14). இதை நான் சொன்னபோதுதான் கொட்டகையில் இரண்டொரு தலை நிமிர்ந்தது. மலை என்றாலே ஒரு குறை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அல்லவா!

"ஐயா, அது வேதாகமக் காலம்" என்று ஒரு தங்கை சொன்னாள். நல்ல கேள்வி. வேதாகமக் காலம் வேண்டாம், 2023-ஆம் வருஷத்துக்கு வா என்றேன்.

ஸ்ரீபதி என்கிற சகோதரியைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். இதே ஜவ்வாது மலையில் புலியூர் கிராமத்தைச் சேர்ந்த மலையாளி பழங்குடிப் பெண். ஏலகிரி மலையில் படித்தார். சட்டப் படிப்பு முடித்தார். நடுவிலே கல்யாணம் ஆயிற்று, படிப்பை விடவில்லை. சிவில் நீதிபதி பரீட்சைக்கு விண்ணப்பித்து இராப்பகலாய்ப் படித்தார். பரீட்சை நெருங்குகிற சமயத்தில் நிறைமாத கர்ப்பிணி. பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் பெண் குழந்தை பிறந்தது. நம்ம வீட்டில் என்ன சொல்லுவோம்? "பச்சை உடம்பு, வெளியே காற்றுப் படக்கூடாது, பரீட்சையாவது ஒன்றாவது" என்போம். அவரோ காரில் 200 கிலோமீட்டருக்கு மேல் பிரயாணப்பட்டு, சென்னைக்குப் போய்ப் பரீட்சை எழுதிவிட்டு வந்தார். தேர்ச்சியும் பெற்றார். அப்போது அவருக்கு 23 வயது. 2024 பிப்ரவரியில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அவரைப் பாராட்டியபோது, துணை நின்ற தாயாரையும் கணவரையும் சேர்த்தே பாராட்டினார். பெற்றோரே, புருஷர்களே, இதை இரண்டு முறை வாசியுங்கள். ஒரு பிள்ளைக்கு நம்பிக்கை தானாக முளைக்கிறதில்லை. வீட்டில் ஒருத்தராவது "போ, குழந்தையை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

அந்தச் சகோதரி நம்முடைய சபைப் பிள்ளை என்று சொல்லிக்கொள்ள நான் வரவில்லை. இந்த மலையின் பிள்ளை, இதே சாமைச் சோறு தின்ற பிள்ளை. (சாமைச் சோற்றைத்தான் ஒரு காலத்தில் இல்லாதவன் சாப்பாடு என்றார்கள். இப்போது பட்டணத்தில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அரிசியைவிட அதிக விலை கொடுத்துத் தேடி வாங்குகிறார்கள்!)

இன்னொன்றும் கேட்டேன். "காவலூர் போயிருக்கீங்களா?" சில பிள்ளைகள் கை தூக்கினார்கள். அங்கே வானத்தைப் பார்க்கிற பெரிய தொலைநோக்கி இருக்கிறது. 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி, நம் தேசத்திலேயே செய்தது, 1986-இல் வைணு பாப்பு என்கிற விஞ்ஞானியின் பெயரை அதற்கு வைத்தார்கள். 1988-இல் அந்தக் காவலூரிலிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, ராமானுஜன் என்று பெயரிட்டார்கள். அதை ஏன் சென்னையில் கட்டவில்லை? பட்டணத்து வெளிச்சத்தில் நட்சத்திரம் தெரியாது. இருட்டு வேண்டும். "எங்க ஊர்ல லைட்டே இல்லீங்க" என்று நாம் வெட்கப்பட்ட அந்த இருட்டைத்தான் படித்தவர்கள் தேடி மலையேறி வந்தார்கள்.

பிரியமானவர்களே, இப்போது நான் என் சொந்தக் காரியத்துக்கு வருகிறேன். சொல்ல மனமில்லை. ஆனாலும் சொல்லாமல் இந்தப் பக்கத்தை முடிக்க ஆவியானவர் விடவில்லை.

ஏறக்குறைய இருபது வருஷத்துக்கு முன் இதே மலையில் ஒரு வாலிபன் என்னிடம் வந்தான். ப்ளஸ் டூ பாஸ். "ஐயா, அரசாங்கப் பரீட்சை எழுதலாமா?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன்? "தம்பி, பெருமை வந்துடும். தாழ்மையா இரு. கர்த்தர் பார்த்துக்குவார்." அவன் மறுபேச்சுப் பேசவில்லை. கர்நாடகத்துக் காப்பித் தோட்டத்துக்கு மிளகு பறிக்கப் போய்விட்டான். நான் அதை மறந்தும் போனேன்.

அன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒரு ஆள் எழுந்து வந்து, "ஐயா, நல்லா இருக்கீங்களா?" என்றான். அவன்தான்! முன்வரிசையில் பேசிய பையன் அவனுடைய மகன். "நீங்க அன்னைக்கு நல்லதுக்குத்தானே சொன்னீங்க" என்றான். ஒரு கோபமும் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

தாழ்மை வேறு, தாழ்வு மனப்பான்மை வேறு என்று அப்போது எனக்கே தெரியவில்லை. தாழ்மையுள்ளவன், கர்த்தர் தனக்கு ஒன்றைக் கொடுத்திருக்கிறார் என்று அறிந்து, அதைக் கையில் வாங்கிக்கொண்டு குனிகிறான். தாழ்வு மனப்பான்மையுள்ளவன் கையை நீட்டவே மாட்டேன் என்கிறான். தாலந்தை மண்ணிலே புதைத்தவனும் பயந்துதான் புதைத்தான், மத்தேயு 25-ஐப் பாருங்கள். எஜமான் அவனைத் தாழ்மையுள்ளவன் என்று மெச்சிக்கொள்ளவில்லை. நானோ ஒரு பிள்ளையின் தாலந்தை அவன் கையாலேயே புதைக்க வைத்தேன், அதற்கு வசனமும் சொன்னேன். கர்த்தர் என்னை மன்னிப்பாராக.

மறுநாள் காலை தகப்பனும் மகனும் என்னைப் பார்க்க வந்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. யாரோ ஒரு புரோக்கர் வந்து, ஆந்திராவில் மரம் வெட்டுகிற வேலை, கை நிறையக் காசு என்று அட்வான்ஸ் நீட்டியிருக்கிறான். பையனும் அரை மனதாய்ச் சரி என்றிருக்கிறான். "வேற என்ன வேலைங்க ஐயா நமக்குக் குடுப்பாங்க?" என்றான். 2015 ஏப்ரல் 7-ஐ நான் ஞாபகப்படுத்தினேன். சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள் என்று சொல்லி, ஆந்திரப் போலீசார் சுட்டதில் நம் தமிழ்நாட்டு ஆட்கள் 20 பேர் செத்தார்கள். நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துக் குடும்பங்களும் அதில் உண்டு.  தன்னை மலிவாக எண்ணுகிற பிள்ளையைத்தான் புரோக்கர் மலிவாக வாங்க முடியும்.

தகப்பன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். பிறகு மகனைப் பார்த்து, "அட்வான்ஸ் வேணாம்டா. நான் இன்னும் ரெண்டு சீசன் தோட்டத்துக்குப் போறேன். நீ படி" என்றான். பையன் என்னிடம் திரும்பி, "காலேஜுக்கு என்னென்ன சர்டிபிகேட் வேணும் ஐயா?" என்று கேட்டான்.

சாதிச் சான்றிதழ் இன்னும் வாங்கவில்லையாம். அது இல்லாமல் உதவித்தொகை கிடைக்காது. மே மாதம் அப்ளிகேஷன் ஆரம்பித்துவிடும். வருகிற செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் ஜமுனாமரத்தூர் தாலுகா ஆபீசுக்குப் போகிறோம். அன்று காலை பத்து மணிக்கு சகோதரிகள் உபவாச ஜெபத்தில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள். தாசில்தார் ஐயாவுக்காகவும் ஜெபியுங்கள்.