நறுமணமும் மனக்கலக்கமும்



சென்ற மார்கழித் திங்களில் ஒருநாட் காலை யாம் திருக்கோயிலினின்று மீளும்பொழுது, அயற்றெருவிலுள்ள ஓர் அம்மையார் எம்மை வழியிடை நிறுத்தி, "ஐயா, ஒன்று கேட்கவேண்டும், சினவாதிருத்தல் வேண்டும்" என்றார். அவர்க்கு ஒரே மைந்தன். ஈராண்டின் முன் இறந்துபட்டான். அதுமுதல் இரவெல்லாம் நெஞ்சு படபடக்க உறக்கமின்றியிருந்தவர், குருக்கள் கையிற் பெற்ற பூவைத் தலையணையருகே வைத்து மோந்துகொண்டிருப்பின் சிறிது கண்ணயர்தலைக் கண்டனர். உறவினர் ஒருவர் இதனையறிந்து, செருத்துணை நாயனார் வரலாற்றை எடுத்துக்காட்டி, "சிவனுக்குரிய பூவை மோந்தவள் மூக்கிழந்தாள், நீயோ நாடோறும் மோக்கின்றாய்" என்று கடிந்தனராம். அன்றுதொட்டு முன்னிருந்த கலக்கத்தோடு இவ்வச்சமும் கூட, இருந்த சிறு துயிலும் போயிற்று. தாம் பாவஞ் செய்தனமோ என்பதே அவர் வினா.

பாதி கற்றார் வாயிற் பெருநூல்கள் படும் பாட்டை எண்ணி யாம் வருந்தினேம். அவ்வரலாறு கூறுவதுதான் யாது? கழற்சிங்கர் என்னும் பல்லவ மன்னர் திருவாரூரில் வழிபடச் சென்றபொழுது, அவர் தேவி, திருமாலை தொடுக்கும் மண்டபத்தின் பக்கல் விழுந்துகிடந்த பூவொன்றை எடுத்து மோந்தாள். செருத்துணையார் அது கண்டு பொறாராய் அவள் மூக்கை அரிந்தார். மன்னர் வந்து, பூவை முதற்கண் எடுத்தது கையன்றோவென்று அக்கையைத் துணித்தார். இறைவற்குச் சாத்துதற்கமைந்த பூ, சாத்துமுன் நுகரப்பட்டதென்பதே ஆண்டுச் சொல்லப்பட்ட குற்றம். அதுவும் அன்பின் மிகுதியால் தம்மை மறந்தார் செய்த வன்றொண்டேயன்றி, நம்மனோர் பிறரைக் கடிதற்கு எடுத்த கோலன்று. பூசை முடிந்தபின் குருக்கள் ஈந்த பூவோ அருட்கொடை. அதனை ஏற்றுக் கண்ணிலொற்றி மோத்தல் யாண்டும் உள்ள வழக்கு. "அம்மா, நீர் பிழை செய்திலீர், இன்றிரவும் அப்பூவை அருகே வைத்துக்கொள்க" என்றேம்.

இனி, ஒரு பூவின் மணம் நெஞ்சின் கலக்கத்தை எங்ஙனந் தணிக்குமெனின், நம் சித்தாந்தம் அதற்கு இடந்தந்தே நிற்கின்றது. கந்தம் பிருதிவியின் சிறப்புக் குணம். அதனைக் கவரும் மூக்காகிய பொறியும், மனமும், தைசத அகங்காரம் என்னும் ஒரு தாய்வயிற்றுத் தோன்றியன. உடன்பிறந்தாருள் ஒருவர்க்குற்றது மற்றவரைத் தொடுதல் வியப்பன்று. அற்றேல், கண்ணுஞ் செவியும் அங்ஙனமே தோன்றினவாக, மூக்கிற்கு மட்டும் என்ன சிறப்பெனின், இதற்கு விடை இக்காலத்து உடனூலார் கூறுகின்றனர். ஏனைப் பொறிகளின் செய்தி மூளையின் நடுவணுள்ள ஓரிடத்திற் புகுந்து பின்னரே மேற்செல்லும்; மணத்தின் செய்தியோ, அச்சமும் நினைவும் எழுதற்கிடமாகிய பகுதிகளை நேரே சென்றெய்தும். மணமறியும் நுண்பொறிகளின் மரபணுக்களை 1991-ஆம் ஆண்டிற் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செல், லிண்டா பக் என்னும் இருவரும் 2004-இல் நோபெல் பரிசு பெற்றனர். நறுநெய்களால் நோய் தணிக்கும் முறைக்கு 'அரோமாதெரபி' என்னும் பெயரிட்டு 1937-இல் நூலியற்றினார் கத்தஃபோசே என்னும் பிரெஞ்சு இரசாயனர். லாவெண்டர் மணம் பதற்றத்தைச் சிறிது தணிப்பதாகச் சில ஆய்வுகள் கூறும்; எனினும் அவ்வுறுதி இன்னும் பெரிதன்று. மற்றொன்றும் உண்டு: மணத்தை நுகர்வான் மூச்சை மெல்ல உள்ளிழுத்து மெல்ல விடுகின்றான், அதுவே நெஞ்சத் துடிப்பை அடக்கவல்லது. அன்றியும், இளமையிற் கோயிலில் நுகர்ந்த சந்தனமுங் குங்கிலியமும் நமக்கு அமைதி தருதல், அம்மணத்தோடு அன்றைய அமைதியும் உடன் வருதலாலாம். அக்கோயிலை அறியாதானுக்கு அவை வெறும் புகையே.

இத்துணையும் மனத்தின் எல்லையளவே. மனம் மாயையின் காரியம். மணமும் அதன் காரியம். ஒன்று மற்றொன்றைத் துடைக்கும். 'யான், எனது' என்று பற்றி நிற்கும் ஆணவத்தை எந்த நறுநெய்யுந் தீண்டாது. குங்கிலியக்கலயர் செயலை இவ்விடத்தே உன்னுக. திருக்கடவூரில் வறுமை முற்றி, மக்கள் பசியால் வாட, மனைவியார் தம் தாலியைக் கழற்றி நெல் கொளத் தந்தார். கலயனார் வழியிற் குங்கிலியப் பொதி கொண்டு வந்த வணிகனைக் கண்டு, அத்தாலியை ஈந்து அதனை வாங்கித் திருக்கோயிலிற் சேர்த்து, ஆண்டே தங்கினார். (அம்மையார் மக்களோடு பசித்துக்கிடந்த அவ்விரவை எண்ணுந்தோறும் எமக்கு நெஞ்சு நடுங்கும், பொருளை அருளிப் பாலடிசில் உண்கவென இறைவன் பணித்ததும் அப்பசியின் பொருட்டன்றோ!) கலயனார் தங்கவலை தீர மணந் தேடினாரல்லர். மணம் இறைவற்கென்று கொண்டவழித் தங்கவலையை மறந்தார். மதுரையிற் சந்தனக்கட்டை கிடையாதாகத் தம் முழங்கையையே கல்லில் தேய்த்த மூர்த்தி நாயனார் நிலையும் அஃதே. நமக்காக மோக்கும் மணம் சிறிதுபோது நின்று ஒழியும். கொடுத்தற்கு அமைக்கும் மணத்திலோ கையும் நினைவும் வேறொருவன்பாற் செல்லுகின்றன.

ஆதலின் அவ்வம்மையாரை நோக்கி, மாலைதோறும் சிறிது சந்தனம் அரைத்துக் கோயிற்குத் தருக என்றேம். உடன் வேறு சிலவுங் கூறினேம். அடைத்த அறையிற் சாம்பிராணி, ஊதுவத்திப் புகையை மிகுதியாக இடற்க; அப்புகை நுரையீரற்குத் தீது, இரைப்பு நோயினர்க்கு மிகத் தீது. கடையில் விற்கும் நறுநெய்களை உட்கொள்ளற்க. கர்ப்பூரத்தைக் குழந்தைகள் கைக்கெட்டாது வைக்க. அதனை உண்ட மகவுக்கு வலிப்பு வருதலுண்டு. ஈராண்டாக நீங்காத படபடப்பை மருத்துவர்க்குக் காட்டல் வேண்டும். அதனைப் பத்தியின் குறையென்பார் சொல்லைக் கேளற்க.

தை பிறந்தபின் அவரை மீண்டுங் கோயிலிற் கண்டேம். மருத்துவரைப் பார்த்துவந்ததாகக் கூறினர். கையிற் கிண்ணம் இருந்தது. "சந்தனம் மணல்போல் இருக்கிறது, கல் தேய்ந்துபோயிற்று, மாற்றுங்கள் என்று குருக்கள் சொல்லுகிறார், ஐயா, நல்ல கல் எங்கே கிடைக்கும்?" என்று வினவினர். உறக்கத்தைப்பற்றி யாம் வினவிலேம், அவருஞ் சொல்லிலர்.