கட்டிவைத்த நாய்க்கு நாம் கடன்பட்டவர்களா?

நெய்வேலி நகரியத்தின் வட்டங்களிலும் பண்ருட்டியின் முந்திரித் தோப்புகளிலும் காவலுக்கென நாய் வளர்ப்போர் பலர். வேளைக்குச் சோறிடுகிறோம், வாசலில் கட்டிவைக்கிறோம். இத்துடன் நம் கடமை முடிந்ததா?

முடியவில்லை என்கிறது சட்டம். வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி அளிக்காமல் விடுவதையும், 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு கொடுமை என்றே கொள்கிறது. அடிப்பது மட்டுமன்று, ஓடவிடாதிருப்பதும் கொடுமையே.

ஓய்வுநாளில் எருதுக்கும் கழுதைக்கும் ஓய்வு தரச் சொல்கிறது விடுதலைப்பயண நூல். உழைத்துக் களைத்த விலங்குக்கு ஓய்வே நீதி. வேட்டைக்கென வளர்க்கப்பட்ட இராசபாளையம், சிப்பிப்பாறை இன நாய்களை முழ நீளச் சங்கிலியில் பிணைத்தால்? உடல் பருக்கிறது, மூட்டு தளர்கிறது, ஓயாது குரைக்கிறது. நாமோ அதனைப் பொல்லாத நாய் என்கிறோம். அதற்கு ஓட்டமே நீதி.

'ஏழை பசித்திருக்க, நாய்க்கு இத்துணைப் பரிவா?' எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. விலங்குகளுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டுள்ளோம் எனக் கற்பிக்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992), மனிதத் துயர் துடைக்கவேண்டிய பணத்தை அவற்றிற்குச் செலவிடுதல் தகாது என்றும் எச்சரிக்கிறது. ஆயின் நாய் கேட்பது பணமன்று. வெயில் ஏறுமுன் நம்மோடு அரைமணி நேர நடை. இளைஞன் தோபியாவும் வானதூதர் இரபேலும் மேற்கொண்ட நெடும்பயணத்தில் நாயும் உடன்சென்றதைத் தோபித்து நூல் மறவாமல் குறிக்கிறதன்றோ?

வாயில்லாச் சீவன் தன் உரிமையைக் கேட்டுப் பெறாது. கேட்க இயலாததற்கும் உரியதை வழங்கப் பழகிய உள்ளம், வாசலில் நிற்கும் ஏழையின் குரலுக்கும் செவிசாய்க்கும்.