கஞ்சிக்கு வந்தவர்கள்

திருச்சுழிப் பக்கம் மண்டபசாலையில் அமெரிக்கன் மதுரா மிஷனுக்கு ஒரு நிலையம் இருந்தது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அந்த மிஷனின் சபைகளுக்குப் புதிதாக நிறையப் பேர் வந்தார்கள். "கஞ்சிக்கு மாறினவங்க" என்று சுலபமாகச் சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெற்றோர் பெயர் இருக்கும், தேதி இருக்கும். ஏன் வந்தார் என்பதற்குக் கட்டம் கிடையாது. டேட்டாபேஸ் கட்டிப் பிழைக்கிற எனக்கு முதலில் அது குறையாகப் பட்டது. இப்போது நியாயமாகப் படுகிறது. மழை பொய்த்த கரிசலில் பசி எது, நம்பிக்கை எது என்று வந்தவராலேயே பிரித்துச் சொல்லியிருக்க முடியுமா?

காரணத்தை ஏழையிடம் மட்டும்தான் கேட்கிறோம். அரியர் பேப்பர் பாஸாக வேண்டுமென்று பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தவன் நான். என் பக்தியை இதுவரை ஒருத்தரும் சந்தேகப்பட்டதில்லை.