புதுமையும் உறுதியும்: திறந்த மூல மென்பொருள் எழுப்பும் ஓர் அறவினா

பழையன நீங்குவதும் புதியன சேர்வதும் காலத்தையொட்டி நிகழுமாயின் குற்றமாகா என்பது நன்னூலார் கருத்து. ஆயின், அக்காலத்தை வரையறுக்கும் உரிமை யாருக்கு உரியது? இவ்வினா இன்று கூர்மையாக எழும் களங்களுள் ஒன்று, திறந்த மூல முறைமை மென்பொருளாகும்.

ஏனைய நிரல்களையெல்லாம் தாங்கி நிற்கும் அடித்தளமே முறைமை மென்பொருள். லினக்ஸைக் கருவாகக் கொண்ட பணிசெயல் முறைமைகளுள் ஃபெடோரா ஏறத்தாழ ஆறு மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பை வெளியிடுகின்றது. டெபியனின் உறுதிப் பதிப்போ ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையே வெளிவருகின்றது. இடைக்காலத்தில் பிழைதிருத்தங்களும் பாதுகாப்புத் திருத்தங்களுமே பெரும்பாலும் அதிற் சேர்க்கப்படும்.

கொட்டியாரக் குடாவை அடுத்த கட்டைபறிச்சான் போன்ற ஓர் ஊரின் பாடசாலையில், பழைய கணினிகள் சில ஓராசிரியரின் பொறுப்பில் இருப்பதாகக் கொள்ளலாம். அடிக்கடி வரும் பதிப்பு ஒவ்வொன்றும் அவருக்குத் தரவிறக்கச் செலவாகும்; அச்சுப்பொறி இயங்காது போகலாம்; பாடக்குறிப்பும் திரையும் முரண்படலாம். மாற்றத்தின் காலத்தை ஆக்கியோன் தெரிவு செய்கின்றான். விலையை இறுப்பவனோ பயன்படுத்துவோன்.

இலவசமாகப் பெற்றவனுக்குக் குறைகூற உரிமையுண்டோ எனச் சிலர் வினவுவர். கொடைக்கு நிபந்தனையில்லை என்பது உண்மையே. எனினும், இத்தனை ஆண்டுகள் பேணுவோம் என அறிவித்தபின் அது கொடை மட்டுமன்று, வாக்குறுதியுமாகும்.

அதனால் மாறாமையே அறமென முடிவு செய்தலும் பொருந்தாது. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் பெருங்குறை வெளிப்பட்டபோது, திருத்தத்தை ஏற்காத கணினிகள் ஆபத்திலேயே இருந்தன. பழைய பதிப்புக்கு ஏற்பத் திருத்தங்களைப் பொருத்துதலும் கடும் உழைப்பாகும். அதனைச் செய்வோருட் பலர் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

இவ்வுழைப்பை மறந்த அவசரம் எங்கு கொண்டுசெல்லும் என்பதற்கு எக்ஸ்இசட் நிகழ்ச்சி சான்றாகும். தரவுகளைச் சுருக்கும் அம்மென்பொருளை நெடுங்காலம் ஒரு தொண்டரே பேணிவந்தார். வெளியீடுகள் தாமதமாகின்றன எனக் குறைகூறும் மடல்கள் 2022 இல் அவரை நெருக்கின. அவை திட்டமிட்ட சூழ்ச்சி என்றே பின்னர் பலரும் கருதினர். அந்நெருக்கடியின் நடுவே பொறுப்பிற் பங்குபெற்ற புதியவரின் கணக்கு வழியாக, 2024 இன் தொடக்கத்தில் வெளிவந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் இரகசிய நுழைவாயிலொன்று புகுத்தப்பட்டது. கணினிக்குள் நுழைகையில் ஏற்பட்ட அரை வினாடித் தாமதத்தை ஐயுற்று ஆராய்ந்த அந்திரேஸ் ஃபுரோயிண்ட் என்னும் வல்லுநர் மார்ச் 29 இல் அதனை வெளிப்படுத்தினார். டெபியனின் சோதனைக் கிளைகளுட் புகுந்திருந்த அப்பதிப்புகள் உறுதிப் பதிப்பை அடைந்திருக்கவில்லை.

இங்கு மனங்கொளத்தக்கது ஒன்றுண்டு. உறுதிப் பதிப்பைக் காத்தது தாமதம் மட்டுமன்று. புதியதை முதலில் ஏற்றுச் சோதித்த ஒருவரின் விழிப்புமாகும். ஆகவே, உறுதியை நாடுவோர் புதுமையை நாடுவோருக்குக் கடன்பட்டவர்கள். விரைவை வேண்டுவோரோ தொண்டரின் ஓய்வுக்கும் எளியோரின் உழைப்புக்கும் கடன்பட்டவர்கள்.

மாற்றத்தின் காலத்தை ஆக்குவோர் மட்டும் வரையறுத்தல் நீதியன்று. பயன்படுத்துவோர் உழைப்பிற் பங்குகொள்ளாது ஆணையிடுதலும் நீதியன்று. முன்கூட்டியே அறிவித்தலும், அறிவித்ததைக் காத்தலும், காப்போருக்குத் துணைநிற்றலும் சேருமிடத்தே மாற்றம் உரிய காலத்தில் நிகழ்ந்ததாகும்.